கால் மரப்புக்குத் தறிதான் காரணமா?

தறிக்குழியில் அமர்ந்து மிதிபலகை மிதிக்கும் நெசவாளருக்கும், குனிந்து களை பறிக்கும் உழவருக்கும் இடுப்புவலி புதிதன்று. ஆதலின் கால் மரத்துப்போனால், முதுகெலும்பு வட்டு விலகியிருக்கும் என்று கருதி எண்ணெய் தேய்த்து இருந்துவிடுகிறோம். பலருக்கு அது மெய்யே. எனினும் வேறொரு நோயும் அவ்வாறே தொடங்குவதுண்டு.

1868-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ விளக்கியுரைத்த மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதே அது. நோயைத் தடுக்கும் ஆற்றலே வழிதவறி, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைச் சிதைப்பதால் இது விளைகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள் தோன்றும், பெண்களிடையே மிகுதி.

இடுப்பு வட்டு விலகினால், வலி பெரும்பாலும் ஒரு காலின் வழியே பாதம்வரை இறங்கும். இருமினாலும் தும்மினாலும் மிகும். மற்றதிலோ வலியினும் மரப்பே முந்தும். சில நாளோ வாரமோ நின்று தணிந்து, பின்னர் வேறோர் உறுப்பில் எழலாம். ஒரு கண் வலியுடன் மங்கலாம். வெப்பத்தில் தளர்ச்சி கூடலாம்.

கழுத்து வட்டு தண்டுவடத்தை அழுத்தினாலும் இவற்றுட் சில தோன்றும். எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டுப் பிதுக்கம் நலமுடையோர்க்கும் தென்படும். ஆதலின் தாமே முடிவு செய்யாது, முன்பு கண் மங்கியதுண்டாயின் அதனையும் மருத்துவரிடம் மறவாது கூறுக.

சிறுநீர் அடைபட்டாலோ, பிட்டமும் தொடையிடுக்கும் மரத்தாலோ, இரு கால்களும் தளர்ந்தாலோ அன்றே மருத்துவமனை செல்க. பாவிழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திப் பிணைப்பவர் நாம். உடலுக்கும் அவ்விரைவு வேண்டும்.