நன்றி எனும் நோன்பு

தென் மாவட்டத் தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனைக்குச் சென்றவர்கள் ஒரு வழக்கத்தை அறிந்திருப்பார்கள். காணிக்கை வேளையில் 'ஸ்தோத்திர காணிக்கை' என்று அச்சிடப்பட்ட சிறு உறைகள் பீடத்துக்கு வந்து சேரும். எந்த நன்மைக்காக அந்தக் காணிக்கை என்பதும் உறையின் மீது எழுதப்பட்டிருக்கும். மகளுக்கு வேலை கிடைத்ததற்காக, அறுவை சிகிச்சை நலமாக முடிந்ததற்காக, புதுவீடு கட்டி முடித்ததற்காக, விபத்தில் உயிர் தப்பியதற்காக என்று குருவானவர் ஒவ்வொன்றாக வாசித்து, அந்தக் குடும்பங்களுக்காக மன்றாடுவார்.

அதே அறுவை சிகிச்சைக்குப் பின் கணவரை இழந்த ஒரு பெண்ணும் அதே ஆலயத்தில் நான்கு வரிசை தள்ளி அமர்ந்திருக்கக் கூடும். அவர் தமது உறையின் மீது எதை எழுதுவார்? நன்றியுணர்வை வாழ்க்கைமுறையாகக் கொள்ள வேண்டும் என்று கிறிஸ்தவம் போதிக்கும்போது, அந்தப் போதனை முதலில் விடை சொல்ல வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். நன்மை கிடைத்தவர் நன்றி சொல்வது இயல்பு. அதற்குச் சமயம் எதுவும் தேவையில்லை.

எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி செலுத்த வேண்டும் என்று தெசலோனிக்கேயருக்கு பவுல் எழுதினார். அந்தக் கடிதம் ஏறத்தாழ கி.பி. 50-இல் எழுதப்பட்டது, புதிய ஏற்பாட்டு நூல்களுள் இதுவே மிகப் பழையது என்பது அறிஞர் பலரின் கருத்து. மூல கிரேக்கத்தில் அவர் பயன்படுத்திய சொற்கள் 'எல்லாவற்றிலும்' என்றே பொருள்படுகின்றன. 'எல்லாவற்றுக்காகவும்' என்று அல்ல. வேற்றுமை உருபு ஒன்றின் மாற்றம்தான். ஆனால், அந்த உருபுக்குள் ஓர் இறையியலே அடங்கியிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அந்த மரணத்துக்காக நன்றி சொல்ல வேண்டியதில்லை. அந்த மரணத்தின் நடுவிலும் நன்றிக்குரிய ஏதோ ஒன்று எஞ்சியிருக்கிறதா என்று தேடலாம் என்பதே இதன் பொருள். எபேசியருக்கான கடிதத்தில் எல்லாவற்றுக்காகவும் நன்றி சொல்லும்படி ஒரு வாசகம் இருப்பதும் உண்மை. அதைக் கொண்டு துன்பத்தையே வரமாகக் கருதச் சொன்ன போதகர்களும் உண்டு. துயரத்தில் இருப்பவரிடம் அவ்வாறு பேசுவது கொடுமை என்பதே என் எண்ணம்.

விவிலியமே அவ்வாறு பேசவில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 'ஏன் கைவிட்டீர்' என்று இறைவனிடம் முறையிடுபவை அவை. அவற்றுள் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி நன்றியில் முடிகின்றன. 88-ஆம் சங்கீதம் மட்டும் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதன் இறுதியில் ஆறுதலோ, நன்றியோ இல்லை. அப்படியும் அதைத் தொகுப்பிலிருந்து எவரும் நீக்கிவிடவில்லை. நன்றி சொல்ல இயலாத நாள்களுக்கும் வழிபாட்டில் இடம் உண்டு என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

கிறிஸ்தவ வழிபாட்டின் மையமான திருவிருந்துக்கு 'யூக்கரிஸ்து' என்று ஒரு பெயர் உண்டு. 'நன்றி செலுத்துதல்' என்பதுதான் அந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள். தமிழில் கத்தோலிக்கர் அதனை நற்கருணை என்கின்றனர். சீர்திருத்தச் சபையினர் இராப்போஜனம் அல்லது திருவிருந்து என்கின்றனர். மூன்றுமே அழகிய சொற்கள்தாம். ஆனால், மூன்றிலும் நன்றி என்ற பொருள் வெளிப்படையாக இல்லை. இயேசு அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தியது எந்த இரவில் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உடன் உண்டவர்களில் ஒருவரே காட்டிக்கொடுத்த இரவு அது, மறுநாள் சிலுவை. துன்பம் நீங்கிய பின்னர் சொன்ன நன்றி அல்ல அது.

இந்த நன்றியை வாழ்ந்து காட்டியவர்களுள் ஜெர்மனியைச் சேர்ந்த மார்ட்டின் ரிங்கார்ட் குறிப்பிடத்தக்கவர். லீப்சிக் நகருக்கு அருகிலுள்ள ஐலன்பர்க் என்ற சிற்றூரில் 1586-இல் பிறந்தவர். 1617 முதல் அவ்வூரிலேயே லூத்தரன் திருச்சபைப் போதகராகப் பணியாற்றியவர். அவர் பொறுப்பேற்ற மறு ஆண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் மூண்டது. ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர் என்பதால் சுற்றுப்புறத்து மக்கள் அடைக்கலம் தேடி அங்கே குவிந்தனர். நெரிசலைத் தொடர்ந்து நோய் வந்தது. 1637-இல் கொள்ளைநோய் பரவியபோது மற்றப் போதகர்கள் சிலர் இறந்தனர். ஒருவர் ஊரைவிட்டு அகன்றார். ரிங்கார்ட் தனித்து நின்றார். நாளொன்றுக்கு 40, 50 பேருக்கு அடக்க ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. அந்த ஓராண்டில் அவர் அடக்கம் செய்தவர்கள் 4,000-க்கும் மேல் என்று குறிப்புகள் கூறுகின்றன. அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர்.

நோய்க்குப் பின் பஞ்சம் வந்தது. செத்த பூனைக்கும் காகத்துக்கும் மனிதர்கள் அடித்துக்கொண்ட பஞ்சம் என்று அதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். ரிங்கார்ட் வீட்டில் இருந்ததையெல்லாம் வாரி வழங்கினார். பிறகு தம் குடும்பத்தின் உணவுக்காகத் தமது வருங்கால ஊதியத்தையே அடகு வைக்க நேர்ந்தது. 1639-இல் ஸ்வீடன் நாட்டுப் படை ஊரை வளைத்து 30,000 வெள்ளி நாணயங்களைக் கப்பமாகக் கேட்டது. அவர் சென்று மன்றாடினார், படைத்தலைவர் இணங்கவில்லை. ஊர் திரும்பியவர், மனிதரிடம் இரக்கம் கிடைக்காதபோது இறைவனிடம் செல்வோம் என்று மக்களை ஆலயத்துக்கு அழைத்துச் சென்று முழந்தாளிட்டார். இறுதியில் கப்பம் 2,000 நாணயமாகக் குறைக்கப்பட்டது.

இவர்தான் உலகெங்கும் லூத்தரன் சபைகளிலும் பிற சபைகளிலும் இன்றளவும் பாடப்படும் மாபெரும் நன்றிப் பாடலை இயற்றியவர். கொள்ளைநோயில் பிணங்களுக்கு நடுவே அமர்ந்து அதை எழுதினார் என்று மேடைகளில் உருக்கமாகச் சொல்வதுண்டு. அது சரியன்று. பாடல் ஏறத்தாழ 1630-இல் எழுதப்பட்டு, 1636-இல் அச்சேறிவிட்டது. பிள்ளைகள் உணவு வேளையில் சொல்லும் வேண்டுதலாக அதை எழுதினார் என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் செய்தி. இந்தத் திருத்தத்தால் கதையின் சுவை குறைவதாக நான் கருதவில்லை. பேரிடர் வந்த பிறகு நன்றியைக் கற்றுக்கொள்ள நேரம் இருப்பதில்லை. தட்டில் உணவு இருந்த நாள்களில் பிள்ளைகளோடு சேர்ந்து பழகிய ஒரு பழக்கம், தட்டு வெறுமையான நாள்களில் அந்த மனிதரை ஊரைவிட்டு ஓடாமல் நிறுத்தியது. பயிற்சி என்பதன் பொருள் அதுதானே?

அதே பாடலுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1757 டிசம்பரில் லாய்த்தன் போர்க்களத்தில் ஆஸ்திரியப் படையை வென்ற பிரஷ்ய வீரர்கள், அன்று மாலை ஆயிரக்கணக்கான பிணங்கள் கிடந்த நிலத்தில் இந்தப் பாடலை ஒருமித்துப் பாடினர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தக் காட்சியைப் பெருமிதத்துடன் ஓவியமாகத் தீட்டியவர்களும் உண்டு. போரின் கொடுமையால் நொந்த ஒருவரின் நன்றி, வெற்றி பெற்றவர்களின் முழக்கமாயிற்று. தோற்றவர்களும் அதே இறைவனை வணங்கியவர்கள்தாம்.

நன்றி பிழையாகிப்போகும் இடம் இதுவே. லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்ன உவமை ஒன்றில் பரிசேயர் ஒருவர் ஆலயத்தில் நின்று இறைவனுக்கு நன்றி சொல்கிறார். மற்றவர்களைப் போலத் தாம் இல்லை என்பதற்காக அந்த நன்றி. தொலைவில் நின்ற வரி வசூலிப்பவரோ நன்றியே சொல்லவில்லை. இரக்கம் மட்டும் கேட்டார். நீதிமானாக வீடு திரும்பியவர் இந்த இரண்டாமவரே என்று உவமை முடிகிறது. நன்றியைப் புகழும் மேடைகளில் இந்த உவமை அரிதாகவே நினைவுகூரப்படுகிறது.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் ஆழிப்பேரலை பேராலயத்துக்குள் புகவில்லை. ஆனால், கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற திருப்பயணிகள் பலர் மாண்டனர். குளச்சல் உள்ளிட்ட குமரிக் கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர் ஊர்களிலும் பேரிழப்பு நேர்ந்தது. உயிர் பிழைத்தவர் நன்றி சொன்னதில் தவறில்லை. சொல்லாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால், 'இறைவன் எங்களைக் காத்தார்' என்ற சாட்சி ஒலிபெருக்கியில் ஒலிக்கும்போது, அது காக்கப்படாதவர்களின் காதிலும் விழுகிறது. தப்பியதைத் தன் தகுதியாக எண்ணாமல், தப்பாதவரின் வீட்டு வாசலுக்குத் தன்னை இட்டுச்செல்லும் கடனாக எண்ணுபவருடைய நன்றிக்கே அந்தக் கரையில் பொருள் இருந்தது. பலர் அவ்வாறே சென்றனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

நன்றி பற்றிப் பேசும்போது தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவது திருக்குறளின் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரம். அதற்கு அடுத்து 'நடுவு நிலைமை' வைக்கப்பட்டிருப்பதற்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் நுட்பமானது. நன்மை செய்தவரை எண்ணும்போது நடுவுநிலை குலைய வாய்ப்பு உண்டு. அங்கும் அது குலையலாகாது என்பதற்காகவே அந்த வைப்பு என்கிறார் அவர். செஞ்சோற்றுக் கடனுக்காக அநீதியின் பக்கம் நின்ற கர்ணனை அறிந்த சமூகத்துக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று. 'உன்னைப் படிக்க வைத்தோம், வேலை கொடுத்தோம், நன்றியோடு இரு' என்று வலியவர் எளியவரிடம் சொல்லும்போது, அந்தச் சொல்லின் உண்மைப் பொருள் 'வாய் திறவாதே' என்பதுதான். இது திருச்சபைக்கு வெளியில் மட்டும் நடப்பதன்று. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச்சுவர் நிற்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே சுவருக்கு அப்பால் இருப்பவரிடம் நன்றியுணர்வைப் பற்றிப் பிரசங்கிக்க எவருக்கும் தகுதி இல்லை.

பவுல் இந்தச் சிக்கலை அறிந்திருந்தார் எனத் தோன்றுகிறது. உதவி பெற்றவர் காலமெல்லாம் உதவியவருக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது ரோமானியச் சமூகத்தின் எழுதப்படாத சட்டம். சிறையில் இருந்த பவுலுக்கு பிலிப்பி நகரச் சபையார் உதவி அனுப்பினர். அவர்களுக்கு அவர் எழுதிய பதிலில் மகிழ்ச்சி இருக்கிறது, பாராட்டு இருக்கிறது; ஆனால், நேரடியாக 'உங்களுக்கு நன்றி' என்ற சொல் இல்லை. ஆய்வாளர்கள் அதனை 'நன்றி சொல்லாத நன்றி' என்பர். கொடுத்தவரும் பெற்றவரும் இறைவனுக்கே கடன்பட்டவர்கள். ஆகவே, ஒருவர் மற்றவருக்கு அடிமை அல்லர் என்பது அந்தக் கடிதத்தின் உட்பொருள்.

இனி, அன்றாடப் பயிற்சிக்கு வருவோம். இயேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா, நன்றியின்மையே பாவங்களுக்கெல்லாம் தோற்றுவாய் என்று ஒரு கடிதத்தில் எழுதியவர். 1548-இல் அச்சான அவரது 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல், மனச்சான்றை ஆய்வு செய்ய ஐந்து படிகளை வகுக்கிறது. பெற்ற நன்மைகளுக்கு நன்றி செலுத்துவது முதற்படி; குற்றங்களை எண்ணிப் பார்ப்பது அதற்குப் பின்னரே. நமக்கு வந்து 'தேம்பாவணி' பாடிய வீரமாமுனிவரும் இந்தச் சபையின் துறவியே. நன்றிக் குறிப்பேடு எழுதுவோரின் மனநலம் மேம்படுவதாக 2003-இல் எம்மன்ஸ், மெக்கல்லா என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்று பரவலாகப் பேசப்படுகிறது. நல்ல செய்திதான். ஆனால், இக்னேஷியஸின் பயிற்சி நன்றி சொல்பவரின் நலத்தோடு நின்றுவிடுவதில்லை. நாளை நான் எவ்வாறு திருந்துவேன் என்ற உறுதியில் முடிகிறது.

நன்றி கையால் செய்யும் செயலாகும் இடங்களும் உண்டு. மிசோரம் மாநிலத்தில் ஒவ்வொரு வேளையும் உலையில் இடும் முன் ஒரு பிடி அரிசியைப் பெண்கள் தனியே எடுத்து வைக்கிறார்கள். 1910-இல் தொடங்கிய இந்தப் பிடியரிசி வழக்கம் நூற்றாண்டைக் கடந்தும் தொடர்கிறது. வீடுதோறும் திரட்டப்படும் அரிசியை விற்று, திருச்சபை தன் ஊழியங்களை நடத்துகிறது. காசு இல்லாத வீட்டிலும் ஒரு பிடி அரிசி இருக்கும் என்ற கணக்கு அது. நெல்லை, தூத்துக்குடிப் பகுதிகளின் அசனப் பண்டிகையில் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும் ஒரே சமையலாகி, வேறுபாடின்றி ஆயிரக்கணக்கானோர் பந்தியில் அமர்ந்து உண்கிறார்கள். அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் கோழியும் தேங்காயும் ஏலத்துக்கு வரும். ஏழை மூதாட்டி கொண்டுவந்த ஒற்றை முட்டையை ஒருவர் பெருந்தொகைக்கு எடுப்பார். எடுத்ததை மீண்டும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். அது பல கைகள் மாறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தோன்றும். முட்டை கொண்டுவந்தவருக்கு அப்படித் தோன்றாது.

அந்தக் காணிக்கை உறைகளைப் பற்றி மேலும் ஒன்று உண்டு. எல்லா உறைகளிலும் எழுத்து இருப்பதில்லை. பெயரும் காரணமும் குறிக்கப்படாத உறைகள் சிலவும் ஞாயிறுதோறும் வருகின்றன. வாசிப்பதற்கு அவற்றில் ஏதும் இல்லாததால், குருவானவர் அவற்றை மற்ற உறைகளோடு சேர்த்துப் பீடத்தில் வைத்துவிட்டு, எல்லாருக்குமாக மன்றாடத் தொடங்குகிறார்.