பனியில் நட்ட கிளைகள்

பனிச்சறுக்கு என்றதும் மலைச்சரிவில் பாய்ந்து இறங்கும் வீரர்களே நம் நினைவுக்கு வருவர். ஆனால், நார்வே நாட்டு மக்கள் பலர் பெரிதும் விரும்புவது நெடுந்தூரப் பனிச்சறுக்காகும். இதில் காலணியின் முன்பகுதி மட்டுமே சறுக்குக் கட்டையுடன் பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் தடையின்றி உயரும். அதனால், சமவெளியில் வழுக்கிச் செல்லவும் மேட்டில் ஏறவும் முடியும். சிறுவர் முதல் முதியோர் வரை காடுகளின் ஊடே பல கிலோமீட்டர் சென்று வருவர்.

இதற்கு நல்ல பாதை தேவை. பல ஊர்களில் அப்பாதையைப் பேணுவோர் அவ்வூர்த் தொண்டூழியர்களே. பனி விழும் முன்பே அவர்களது வேலை தொடங்கிவிடுகிறது. சாய்ந்த மரங்களை அறுத்து அகற்றுவர், புதர்களை வெட்டுவர், ஓடைகளின்மேல் பலகைப் பாலங்களைச் செப்பனிடுவர். பனி பெய்த பிறகு, இயந்திரத்தால் அதனை அழுத்தி, இரண்டு இணையான தடங்களைப் பதிப்பர். அழுத்தப்பட்ட பனியைச் சில மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். அப்போதுதான் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அத்தடத்தில் யாரேனும் காலணியுடன் நடந்தால் குழிகள் உண்டாகி உறைந்துவிடும். பின்னால் வருபவர் தடுமாறி விழக்கூடும். திடீரென மழை பெய்தாலோ பல நாள் உழைப்பு ஒரே இரவில் கரைந்து போகும்.

மரங்களே இல்லாத உயர்மலைப் பகுதியில் நிலைமை வேறு. ஹார்டாங்கர்விட்டா போன்ற பீடபூமிகளில் புயல் வீசும்போது, தரையும் வானும் ஒரே வெண்மையாகிவிடும். எத்திசையில் செல்கிறோம் என்பதே தெரியாது. 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மட்டும் நார்வே மலைகளில் 18 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய இடங்களில் வழிகாட்டுபவை வெறும் மரக்கிளைகளே. 1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலைப்பயணச் சங்கத்தின் தொண்டூழியர்கள், பனியில் துளையிட்டுச் சீரான இடைவெளியில் கிளைகளை நடுகின்றனர். ஒரு கிளையருகே நிற்பவருக்கு அடுத்த கிளை தெரிந்தால் போதும். அவர் விடுதியை அடைந்துவிடலாம். கடுங்குளிரில் இவ்வேலையைச் செய்வது எளிதன்று.

இவ்வாறு ஊரார் ஒன்றுகூடி ஊதியமின்றிச் செய்யும் பணியை நார்வே மக்கள் ‘டுக்னாட்’ என்பர். நம் கோத்தோங் ரோயோங்கை நினைவூட்டும் சொல் இது. அந்நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரிடப்படாத நிலத்தில் எவரும் நடக்கலாம், சறுக்கலாம். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் இவ்வுரிமை உண்டு. ஆனால், நடக்கும் உரிமையைத்தான் சட்டம் தருகிறது; பாதையை அமைப்பதற்கு ஆள்கள் வேண்டும்.

ஈஸ்டர் கழிந்து வெயில் ஏறியதும் பனி உருகும், கிளைகளும் சாய்ந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் தொண்டூழியர்கள் புதிய கிளைகளுடன் மீண்டும் மலையேறுவர்.