தொண்ணூற்றைந்து கிலோமீட்டர்

அஸ்ஸாமின் சில்சார் விமான நிலையத்துக்கும் மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்துக்கும் இடையே ஆகாய வழி சுமார் 95 கிலோமீட்டரே. ஜிரிபாம் வழியாகச் செல்லும் மலைச்சாலையோ 250 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் ஒரு பகலில் போய்ச் சேரலாமென்று யாரும் உறுதி கூறார்.

மணிக்கு 500 கிலோமீட்டர் வேகமுள்ள விமானம் 12 நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டுமே என்று கணக்கறிந்த அன்பர்கள் கேட்கலாம். கணக்கு சரிதான், விமானந்தான் அவ்வாறு பறப்பதில்லை. கடல் மட்டத்துக்குச் சுமார் 100 மீட்டர் மேலுள்ள சில்சாரில் எழுந்து, மலைகளைக் கடக்கும் உயரம் பெற்று, சுமார் 770 மீட்டர் உயரத்திலுள்ள இம்பால் சமவெளியில் மெல்லத் தாழ்ந்து இறங்கவேண்டும். முழு வேகத்துக்கு இடமேது? அரைமணி என்று நாம் கொள்வதே தகும்.

1960களில் பர்மாவை விட்டு வந்து மோரேயில் குடியமர்ந்த நம்மவர்க்கு இது வெறும் பொழுதுபோக்குக் கணக்கன்று. அங்கிருந்து இம்பாலுக்கே சாலைவழி சுமார் 110 கிலோமீட்டர்; 2023 மே மாதம் கலவரம் மூண்டபின் அதுவே அரிய பயணமாயிற்று. ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால், விமானச் சீட்டிலுள்ள நிமிடங்களை நம்பி விடை பகரவேண்டாம். வீட்டு வாசலிலிருந்து எண்ணிப் பார்த்தே, "காத்திருங்கள்" என்றோ "எடுத்துவிடுங்கள்" என்றோ சொல்லியனுப்புங்கள்.