வானை நோக்கிச் சுட்ட குண்டு எங்கே போகிறது?

பண்டிகை நாட்களில் நாம் வாணம் விடுவதைப் போல, துப்பாக்கியை வானை நோக்கிச் சுட்டு மகிழும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. கரிபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், 2004ஆம் ஆண்டு பிறந்ததை ஒட்டி இவ்வாறு சுட்டதால் 19 பேர் குண்டுக்கு இலக்காயினர். அவர்களுள் ஒருவர் இறந்தார். சுட்டவர்கள் யாரையும் குறிவைக்கவில்லை. மேலே போன குண்டு எங்கோ போய்த் தொலையும் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான்.

மேலே எறிந்த பொருள் அதே வேகத்துடன் திரும்பி வரும் என்று பள்ளியில் படிக்கிறோம். அது காற்றில்லாத வெளிக்கான கணக்கு. வினாடிக்கு 823 மீட்டர் வேகத்தில் புறப்படும் ராணுவத் துப்பாக்கிக் குண்டு அக்கணக்கின்படி 34 கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். உண்மையில் என்ன நடக்கிறது? 1920இல் அமெரிக்க ராணுவத்தினர் மயாமி நகருக்கு அருகே நீரின் நடுவில் மேடை கட்டி, தலைக்கு மேல் கவசத் தகடு வைத்துக்கொண்டு, ஏறக்குறையச் செங்குத்தாகச் சுட்டுப் பார்த்தார்கள். 500க்கும் மேற்பட்ட குண்டுகளில் மேடைமேல் விழுந்தவை நான்கே! குண்டு ஏறிய உயரம் சுமார் 2,700 மீட்டர். ஏற 18 வினாடி, இறங்க 31 வினாடி.

இறங்கும்போது வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. தடை, குண்டின் எடைக்குச் சமமானதும் வேகம் மேலும் கூடுவதில்லை. இதுவே முற்றுத் திசைவேகம். அந்தக் குண்டுக்கு அது வினாடிக்குச் சுமார் 90 மீட்டர். புறப்பட்ட வேகத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. மேடைப் பலகையில் விழுந்த ஒரு குண்டு ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கே பதிந்தது.

அப்படியானால் ஆபத்தில்லை என்று சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் வினாடிக்கு 60 மீட்டர் வேகமே மனிதத் தோலைத் துளைக்கப் போதும். மேலும், கொண்டாட்டத்தில் தூக்குநூல் பிடித்தா சுடுகிறார்கள்? சாய்வாகச் சுட்ட குண்டு தற்சுழற்சி குன்றாமல், முனை முன்னோக்கியபடியே பறந்து, செங்குத்தாக விழுவதைவிட அதிக வேகத்துடன் தொலைவில் இறங்குகிறது. உயிர்களைப் பலிவாங்குவதில் இதற்கே முதலிடம் என்பேன்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒரு மருத்துவமனைக்கு 1985 முதல் 1992 வரை, வானத்திலிருந்து விழுந்த குண்டுகளால் அடிபட்ட 118 பேர் கொண்டுவரப்பட்டனர். 38 பேர் இறந்தனர். பெரும்பாலோருக்குக் காயம் தலையில். மேலிருந்து வருவது முதலில் தலையைத்தானே தொடும்!

குற்றத்தை மெய்ப்பிப்பது கடினம். சுட்டவருக்குத் தம் குண்டு விழுந்த இடம் தெரியாது. அடிபட்டவருக்குச் சுட்டவரைத் தெரியாது. 1999இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றபோது இவ்வாறு உயிரிழந்தாள். அடுத்த ஆண்டே, நகர எல்லைக்குள் அலட்சியமாகச் சுடுவதைப் பெருங்குற்றமாக்கும் சட்டம் அவள் பெயராலேயே வந்தது. இந்தியாவிலும் திருமண ஊர்வலங்களில் சுடும் பழக்கம் வட மாநிலங்களில் இருப்பதால், 2019ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தம் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

சட்டம் குண்டு விழுந்தபின் வருவது. செர்பியாவில் 2005இல் நடந்த பிரசாரம் எளிய பௌதிகத்தையே முழக்கமாக்கியது: மேலே சுட்ட ஒவ்வொரு குண்டும் கீழே வந்தே தீரும். இத்தகைய பிரசாரம் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே வீடுகளை எட்ட வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்டால் குழந்தைகளை உடனே கான்கிரீட் கூரையின் கீழ் அழைத்துக்கொள்ளும்படியும் சொல்ல வேண்டும். போர்ட்டோ ரிக்கோவில் மற்றத் துப்பாக்கிக் காயங்களோடு ஒப்பிட்டபோது, இவ்வகைக் காயமுற்றோரில் பெண்களும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களுமே கூடுதல் விகிதத்தில் இருந்தனர்.