முந்நூறு உதையும் வராத ஒரு தடுப்பும்

பழக்குவோரும் பழகுவோரும் – 6

சென்ற கிழமை பட்டிகளைப் பற்றிப் பேசினோம். நிறம் நிறமான பட்டிகள் சாமுராய் காலத்துச் சங்கதி இல்லை, 1930களில் பாரிசில் ஜூடோ பழக்கிய கவாய்ஷி மிக்கினொசுகேயின் கையால் மேற்கில் பரவிய ஏற்பாடு என்று பார்த்தோம். பட்டி ஏறுகிறது, சரி. அதோடு பிள்ளையின் திறமையும் ஏறுகிறதா? இந்தக் கிழமை அந்தக் கேள்வி.

மட்டக்களப்பின் எழுவான்கரையில், தேற்றாத்தீவிலோ களுதாவளையிலோ களுவாஞ்சிகுடியிலோ, பிள்ளையைக் கராத்தே வகுப்புக்கு விட்டிருக்கும் தாய் தகப்பனிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை வரும். பிள்ளை இரண்டு வருசமாகப் போகிறான். கட்டா என்ற தனியாள் அசைவு வரிசையைப் பிழையில்லாமல் செய்கிறான். ஆனால் முன்னுக்கு ஒருத்தன் நின்று கையை ஓங்கினால் அப்படியே நின்றுவிடுகிறான். மாஸ்டரிடம் கேட்டால் ‘இன்னும் பழக வேணும்’ என்பார். பிள்ளையும் இன்னும் முந்நூறு உதை உதைக்கும். அடுத்த சுற்றுப்போட்டியிலும் அதே கதைதான்.

குறை பிள்ளையின் பயத்தில் இல்லை, மாஸ்டரின் அக்கறையிலும் இல்லை. பழக்கத்தை அடுக்கியிருக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு வகுப்பு முடியும்போது பிள்ளை எவ்வளவு அழகாகச் செய்கிறது என்பது ஒரு கணக்கு. இரண்டு கிழமை கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வரும் குத்துக்கு அதன் கை என்ன செய்கிறது என்பது இன்னொரு கணக்கு. நம் வகுப்புகள் பெரும்பாலும் முதற்கணக்கைப் பார்த்து நடக்கின்றன.

வரிசை வந்த வழி

மாலை நான்கரை மணி. வெயில் இறங்கிய முற்றத்தில் முப்பது பிள்ளைகள் மூன்று வரிசையில் நிற்கிறார்கள். மாஸ்டர் ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ண, முப்பது காலும் ஒன்றாக உயர்கின்றன. இதுதான் கராத்தேயின் ஆதி முறை என்று பலர் நம்புகிறார்கள். ஒக்கினாவாவில் ஆதியில் அப்படி இருக்கவில்லை. ஒரு ஆசான் தன் வீட்டு முற்றத்தில் நாலைந்து பேரை வைத்துப் பழக்கினார். ஒவ்வொருவனுக்கும் அவனவன் உடம்புக்கு ஏற்றபடி சொல்லிக் கொடுத்தார்.

1900களின் தொடக்கத்தில் இத்தோசு அன்கோ என்ற ஆசான் அதை ஒக்கினாவாப் பாடசாலைகளுக்குள் கொண்டு போனார். நூற்றுக்கணக்கான மாணவர்கள், ஒரே ஆசிரியர், தேகாப்பியாச நேரம். அதற்கு ஏற்றபடி கலையைச் சுருக்கினார். பிள்ளைகளுக்கென்று ‘பினான்’ என்ற ஐந்து கட்டாக்களை ஒழுங்குபடுத்தினார். 1908இல் கல்வி அதிகாரிகளுக்குப் பத்து அம்சங்கள் அடங்கிய கடிதம் ஒன்றையும் எழுதினார். அவருடைய மாணவர் ஃபுனகோஷி கிச்சின் 1922இல் டோக்கியோவில் இந்தக் கலையை அரங்கேற்ற, அது பல்கலைக்கழகங்கள் வழியாக உலகெங்கும் பரவியது. ஆக, வரிசையும் எண்ணிக்கையும் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கப் பிறந்த ஏற்பாடு. தேவைக்கு வந்ததைத் தேவைக்கேற்ப மாற்றினால் ஆசானுக்குத் துரோகம் ஆகாது.

கானோ ஜிகோரோவின் கதை இதற்கு மறுபக்கம். 1882இல் டோக்கியோவில் கோடோகனைத் தொடங்கிய அவர் தொழிலால் கல்விமான். ஆசிரியர்களை உருவாக்கும் உயர் கல்லூரிக்கு நெடுங்காலம் தலைவராக இருந்தவர். பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஆபத்தான பிடிகளை எடுத்துவிட்டு, எதிராளி முழுப் பலத்தோடு எதிர்க்கும் ‘ரந்தோரி’யைப் பழக்கத்தின் நடுவில் வைத்தார். அவருடைய பாடத்திட்டத்தில் நான்கு பகுதிகள் இருந்தன: கட்டா, ரந்தோரி, விரிவுரை, கேள்வி பதில். கட்டாவும் ஓரளவு ரந்தோரியும் நம் ஊர் வரை வந்து சேர்ந்தன. கேள்வி பதில் எங்கேயோ வழியில் தங்கிவிட்டது.

ஆய்வுகள் சொல்வது

உடம்பு எப்படிக் கற்கிறது என்பதை ஆராய்ந்தவர்களின் சில முடிவுகள் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு நேர் எதிராக இருக்கின்றன.

1978இல் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். சிறு பொதியை இலக்குக்கு எறிய வேண்டும். ஒரு குழு மூன்று அடித் தூரத்துக்கே எறிந்து பழகியது. மற்றக் குழு இரண்டடிக்கும் நாலடிக்கும் மாறி மாறி எறிந்தது. மூன்றடிக்கு எறியவே இல்லை. பன்னிரண்டு கிழமை கழித்து மூன்றடித் தூரத்தில் சோதித்தார்கள். அந்தத் தூரத்தை அதுவரை தொடாத இரண்டாம் குழுதான் குறைவாகப் பிழைவிட்டது.

1986இல் கூட், மகில் என்பவர்கள் பூப்பந்தாட்டத்தில் மூன்று வகை சேர்விசைப் பழக்கினார்கள். ஒரு குழு நாளுக்கு ஒரு வகையாகப் பழகியது. மற்றக் குழு மூன்றையும் கலந்து, அடுத்தது எது என்று தெரியாமல் பழகியது. பழகும் நாட்களில் கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பிறகு வைத்த சோதனையிலோ அவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள். பக்கத்தை மாற்றி அடிக்கச் சொன்னபோதும் அவர்களே மேல்.

பிரிட்டிஷ் தபால் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்கிய ஆய்வு ஒன்று படேலியும் லோங்மனும் செய்தது. அதுவும் 1978இல் வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு விசைகளைப் பிடிக்க மொத்தம் சுமார் 35 மணித்தியாலம் போதுமாக இருந்தது. நாளுக்கு நாலு மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 50 மணித்தியாலம் எடுத்தது. வேடிக்கை என்னவென்றால், தங்கள் பயிற்சியில் திருப்தி குறைந்தவர்கள் முதற்குழுவினர்தான். நாள் கூடுதலாக எடுத்ததால் மெதுவாகக் கற்பதாக அவர்களுக்குத் தோன்றியது.

இந்தக் கடைசிச் செய்தியைத் தாய் தகப்பன்மார் கவனிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பிள்ளையைப் பிழிந்தெடுக்கும் வகுப்பு கண்ணுக்கு நிறைவாக இருக்கும். கிழமையில் மூன்று நாள் ஒரு மணி நேரம் வைத்தால் அதே நேரச் செலவில் மிச்சம் கூடுதலாக இருக்கும். ஒரு கிழமைத் தண்ணீரை ஒரே நாளில் வெற்றிலைக் கொடிக்கு ஊற்றுகிற தோட்டக்காரர் களுதாவளையில் எவரும் இல்லை. பிள்ளைக்கு மட்டும் ஏன் அப்படி ஊற்றுகிறோம்?

இன்னொருவர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன். 1920களில் மொஸ்கோவில் சுத்தியலால் அடிக்கும் கைதேர்ந்த தொழிலாளரைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே வழியில் போய் இறங்கியது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு விதமாக அசைந்தன. தேர்ச்சி என்பது ஒரே அசைவை அச்சடித்தது போலத் திரும்பச் செய்வதில் இல்லை, ஒரே காரியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக முடிப்பதில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. சிலம்படியில் தேர்ந்த ஒருவரைப் பாருங்கள். கம்பின் நுனி போக வேண்டிய இடத்துக்குப் போகும். எதிராளி நெட்டையோ குட்டையோ, தரை மணலோ சீமெந்தோ, உடம்பு தன் வழியைத் தானே கண்டுகொள்ளும். முப்பது பிள்ளைகளின் முழங்காலையும் ஒரே கோணத்தில் நிறுத்தப் பாடுபடும் மாஸ்டருக்கு இது கசப்பான செய்தி.

அண்ணாவியார் பழக்கிய விதம்

இதெல்லாம் வெளிநாட்டுப் புதினம் என்று நினைக்க வேண்டாம். மட்டக்களப்பில் உடம்பைப் பழக்கும் பெரிய பாடசாலை ஒன்று தலைமுறை தலைமுறையாக நடந்து வந்திருக்கிறது. கூத்தைத்தான் சொல்கிறேன். வடமோடிக் கூத்தில் பாரதப் போரை ஆடுகிறவர்கள் பகலில் வயலுக்கும் வாவிக்கும் போகிறவர்கள். அவர்களை விடிய விடிய ஆடவும் பாடவும் வல்லவர்களாக அண்ணாவியார் மாற்றினார். அவருடைய முறையைப் பேராசிரியர் சி. மௌனகுரு ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ ஆய்வில் விரிவாகப் பதிந்திருக்கிறார்.

ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து, அவரவர் பகுதியின் எழுத்துப் படியாகிய சட்டத்தைக் கொடுப்பார்கள். பழக்கம் மாதக்கணக்கில், இரவுகளில், கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். தாளக்கட்டை வாயால் சொல்லச் சொல்லக் கால் அதைப் பிடிக்கும். பிறகு கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாக அரங்கேற்றத்துக்கு வருவார்கள். ஒவ்வொரு படியிலும் ஊர் வந்து பார்க்கும். அருச்சுனனாக ஆடுபவன் தன் ஆட்டத்தைத் தனியே முடித்துவிட்டு வந்து கர்ணனைச் சந்திப்பதில்லை. எதிரே ஆள் நிற்க, சுற்றிவரச் சனம் இருக்க, வட்டக்களரியில்தான் அவன் தேறுகிறான். இடைவெளி விட்ட பழக்கம், கலந்த பழக்கம், எதிராளியோடு பழக்கம், இடைக்கிடை சோதனை என்று ஆய்வாளர் பட்டியலிடும் அத்தனையும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் வழங்கிய சீனடியும் பொல்லடியும் கூட ஆளுக்கு ஆள் எதிர்நின்று பழகுகிற கலைகள்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். திரும்பத் திரும்பச் செய்வதற்கும் ஒரு இடம் உண்டு. கேரளத்துக் களரிப்பயிற்றில் மெய்த்தாரி முதலில், பிறகு கோல்த்தாரி, அதன்பின் ஆயுதங்களின் அங்கத்தாரி, வெறுங்கை கடைசியில். உடம்பை வளைக்கும் அடவுகளை ஆசான் வாய்த்தாரி சொல்ல மாணவன் செய்து செய்தே தொடங்குகிறான். புதிதாக வந்த பிள்ளைக்கு உதை என்றால் என்ன என்று தெரிகிற வரை வரிசையும் எண்ணிக்கையும் உதவும். சிக்கல் அதற்குப் பிறகும் அங்கேயே நின்றுவிடுவதில் வருகிறது.

ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரிக்கலாம்

முதல் பத்து நிமிடம், சென்ற வகுப்பில் பழகியதைப் பிள்ளைகள் ஞாபகத்திலிருந்து சோடியாகச் செய்யட்டும். மாஸ்டர் காட்டிக் கொடுக்கக் கூடாது. மறந்ததைத் தேடி எடுப்பதே பாதிப் பழக்கம்.

அடுத்த பத்து நிமிடம், புதிய ஒன்று. வரிசையில் நிறுத்தி இருபது தடவை செய்தால் போதும்.

அடுத்த இருபத்தைந்து நிமிடம்தான் வகுப்பின் உயிர். சோடியாக நின்று, நேர்க்குத்து, முன்னுதை, வட்ட உதை மூன்றில் ஒன்றை அடிப்பவர் தெரிவு செய்யட்டும். தடுப்பவருக்கு எது வரும் என்று தெரியக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சோடி மாற வேண்டும்: உயரமானவன், குள்ளமானவள், இடக்கைக்காரன். ஒரு நாள் மணலில், ஒரு நாள் மண்டபத்துச் சீமெந்தில். கடலோர ஊருக்கு இது காசில்லாமல் கிடைக்கிற வசதி.

பத்து நிமிடம் மெதுவான குமித்தே, அதாவது எதிராளியோடு மோதிப் பழகுவது. முன்கை மட்டும், அல்லது உதை மட்டும் என்று ஒரு கட்டுப்பாடு இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் முகத்துக்கும் தலைக்கும் அடி போகவே கூடாது. கடைசி ஐந்து நிமிடம் கானோவின் கேள்வி பதில். ‘எந்த அடியைத் தடுக்கக் கஷ்டம், ஏன்?’ என்று பிள்ளையைக் கேளுங்கள்.

திருத்துவதிலும் சிக்கனம் வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் வாய் திறக்கும் மாஸ்டரின் பிள்ளை, அவர் இல்லாத இடத்தில் தடுமாறும். மூன்று நாலு தடவை செய்ய விட்டு, ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொன்னால் போதும். சொல்லும்போது ‘முழங்காலை உயர்த்து’ என்பதைவிட ‘எதிராளியின் பட்டி முடிச்சை நோக்கி உதை’ என்பது நன்றாக வேலை செய்யும். கவனம் தன் உறுப்பில் இருப்பதைவிட வெளி இலக்கில் இருந்தால் உடம்பு இலகுவாகக் கற்கிறது என்பதை 1998 முதல் கப்ரியேல வுல்ஃபும் அவருடன் ஆராய்ந்தவர்களும் பலமுறை காட்டியிருக்கிறார்கள்.

பிழை விட்டால் தண்டால், பிந்தி வந்தால் பிரம்பு என்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாடசாலைகளில் உடற்றண்டனையைக் கல்வியமைச்சின் 2005/17 சுற்றறிக்கை விலக்கியிருக்கிறது. பாடசாலைக்கு ஆகாதது மாலை வகுப்புக்கு எப்படி ஆகும்? அதோடு மேலே சொன்ன முறையில் பிழை என்பது பாடத்தின் பகுதி. பிழைக்கு அடி விழும் என்றால் பிள்ளை தனக்குத் தெரிந்ததையே செய்துகொண்டிருக்கும். புதிதாக ஒன்றையும் முயலாது.

இந்த முறையில் ஒரு சங்கடம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதம் வகுப்பு அலங்கோலமாகத் தெரியும். வேலியோரம் நின்று பார்க்கிற தகப்பனுக்கு ‘இந்த மாஸ்டர் ஒழுங்காகப் பழக்கவில்லை’ என்று தோன்றும். அந்த இரண்டு மாதத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையிடம் இன்றைக்கு எத்தனை உதை, அடுத்த பட்டி எப்போது என்று கேட்பதை நிறுத்துங்கள். இன்றைக்கு யார் யாரோடு பழகினாய், எதைத் தடுக்க முடியவில்லை என்று கேளுங்கள். மாஸ்டர்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: தரப்படுத்தலுக்கு முன் இரண்டு கிழமை இடைவெளி விட்டு, அறிவிக்காமல், முன்பின் பழகாத சோடியோடு பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள். அன்றைக்கு எழும்புகிற கைக்குப் பட்டியைக் கொடுங்கள்.

(தொடரும்)