மூன்றாம் பிறையின் இருட்டுப் பக்கத்துக்கு யார் விளக்கேற்றுகிறார்கள், தெரியுமா?

உங்கள் வாசலில் விழும் வெயிலுக்கு வயது என்ன, தெரியுமா? சூரியனின் மேற்பரப்பை விட்டுக் கிளம்பி 8 நிமிடம் 20 விநாடிதான் ஆகிறது! அதற்குள் 15 கோடி கிலோமீட்டரைத் தாண்டி வந்துவிட்டது. ஆனால் அந்த ஆற்றல் சூரியனின் நடுவயிற்றில் பிறந்து, முட்டி மோதி, வழி தவறித் திரும்பி மேற்பரப்புக்கு வந்து சேரவே பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்திருக்கும்!

நிலாவில் பட்ட வெளிச்சம் நம்மிடம் வர 1.3 விநாடி போதும்.

பால் போன்ற நிலா என்கிறோம் அல்லவா? நிலா வெள்ளையே இல்லை! பழைய தார்ச்சாலையின் நிறம்தான். விழும் வெயிலில் 100-க்குச் சுமார் 12 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. சுற்றிலும் வானம் அத்தனை கறுப்பாக இருப்பதால் நம் கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகிறது.

அரைநிலா, முழுநிலாவில் பாதி வெளிச்சம் தருமா? தராது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்! பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால், நிலாவின் ஒவ்வொரு மேடும், ஒவ்வொரு மண்துகளும் தன் நிழலைத் தனக்குப் பின்னாலேயே மறைத்துக்கொள்கிறது. அரைநிலாவிலோ நிழல்கள் நீண்டு கிடக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சொக்க வைப்பது மூன்றாம் பிறை. கீற்றுக்கு அப்பால், இருட்டான மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும், கவனித்திருக்கிறீர்களா? அது பூமியின் வெளிச்சம்! நாம் பிறை பார்க்கும் நேரத்தில், நிலாவில் நின்று பார்த்தால் பூமி கிட்டத்தட்ட முழுவட்டம். நாம் பார்க்கும் நிலாவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு அகலம். சூரியனிலிருந்து பூமிக்கு, பூமியிலிருந்து நிலாவுக்கு, அங்கிருந்து மறுபடியும் நம் கண்ணுக்கு! சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே, தொலைநோக்கி இல்லாத காலத்தில், லியோனார்டோ டா வின்சி இதைக் கண்டுபிடித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டார்!

நம் ஊரில் பொழுது சாயும்போது ஆப்பிரிக்காவில் இன்னும் பகல். மேற்கே பிறையின் மடியில் நீங்கள் காணும் அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், சகாரா மணலில் பட்ட வெயிலும் அட்லாண்டிக் மேகங்களில் பட்ட வெயிலும் கலந்திருக்கின்றன!