தண்டவாளம் நீங்கிய தடம்

சிங்கப்பூர்த் தீவின் தெற்கே தஞ்சோங் பகாரில் தொடங்கி, வடக்கே உட்லண்ட்ஸ் வரையில் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பசுந்தடம் கிடக்கின்றது. 2011ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 30ஆம் நாள் வரையில் மலாயா ரயில்வேயின் வண்டிகள் ஓடிய இருப்புப் பாதை அது. இன்று நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் உரிய வழியாக அது மாறியுள்ளது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்து பல்லாண்டுகள் ஆன பின்னும் 'புகைவண்டி' என்றே நாம் வழங்கி வந்ததைப் போல, தண்டவாளம் பெயர்க்கப்பட்ட பின்னும் இதனை ரயில் பாதை என்றே மக்கள் அழைக்கின்றனர்.

இப்பாதை முழுவதும் ஒரே காலத்தில் இடப்பட்டதன்று. 1903இல் முதன்முதலாக ஓடிய வண்டி, நகரின் டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டுப் புக்கித் தீமா வழியாக வடக்கே சென்றது. அந்நாளில் ஜொகூர் செல்வோர் கடலைப் படகில்தான் கடத்தல் வேண்டும். 1923இல் கடற்பாலத்தின்மேல் வண்டி ஓடத் தொடங்கிய பின்னரே அத்தொல்லை ஒழிந்தது. நகருக்குள் சாலைகளை ஊடறுத்துச் சென்ற பழைய பாதை போக்குவரத்துக்குப் பெரும் இடையூறாய் இருந்தமையால், புக்கித் தீமாவுக்குத் தெற்கே புதுப்பாதை ஒன்று அமைத்தனர். தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. ஆகவே இன்றைய தடத்தின் வடபகுதி 1903ஐச் சார்ந்தது. தென்பகுதி அதனினும் ஒரு தலைமுறை இளையது. கைவிடப்பட்ட டேங்க் ரோட்டுப் பாதை என்னாயிற்று? சாலைகளும் கட்டடங்களும் அதனை விழுங்கிவிட்டன. இரண்டாம் பாதைக்கு அந்நிலை நேராதது ஏன் என்பதே இங்கு ஆராயத் தக்கது.

காரணம் சட்டத்தில் உள்ளது. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதை நிலத்தின் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகையாக ரயில்வேக்கு உரியதாயிற்று. 1965இல் சிங்கப்பூர் தனிநாடானபோது, நிலம் ஒரு நாட்டிலும் அதனை ஆளும் உரிமை அண்டை நாட்டின் நிறுவனத்திடமும் இருக்கும் புதுமை நிலை தோன்றிற்று. இதனைத் தீர்க்க 1990இல் இருநாடுகளும் உடன்பாடு ஒன்று செய்துகொண்டன. ஆயினும் அதன் பொருள் யாது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. இருபது ஆண்டுகள் கடந்தன. இறுதியில் 2010 மே திங்களில் இருநாட்டுத் தலைமையமைச்சர்களும் ஒரு முடிவுக்கு வந்தனர். நிலையம் உட்லண்ட்சுக்கு மாறும். விடப்படும் நிலத்திற்கு ஈடாக நகரின் நடுவே வேறு நிலம் வழங்கப்படும். அதனை இருநாடுகளும் கூட்டு நிறுவனம் ஒன்றின் வாயிலாக மேம்படுத்தும். அந்நிறுவனத்தில் மலேசியாவின் பங்கு 60 விழுக்காடு, சிங்கப்பூரின் பங்கு 40 விழுக்காடு. இவ்வாறு நெடுங்காலம் நீண்ட அரசியல் சிக்கலே அந்நிலத்துக்கு வேலியாக அமைந்தது எனலாம். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழுந்த காலத்தில் இவ்வொரு கீற்று நிலம் மட்டும் புல்லும் புதருமாய்ப் பிழைத்துக் கிடந்தது.

இனி, இத்தடத்தின் தன்மையைக் காண்போம். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் உருளுங்கால் உராய்வு மிகக் குறைவு. சமதளத்தில் பெரும்பாரத்தையும் எளிதாக இழுக்க உதவுவது இவ்வியல்பே. ஆனால் ஏற்றத்தில் அதுவே பகையாகும். பிடிமானமின்றிச் சக்கரம் வழுக்கும். ஆகவே இருப்புப் பாதை அமைப்போர் மேட்டை வெட்டியும் பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்தியும் மிக மெல்லிய சரிவையே அமைப்பர். வளைவுகளையும் அகல வளைப்பர். புக்கித் தீமாக் குன்றின் அடிவாரத்தில் செல்வோர் இதனைக் கண்கூடாகக் காணலாம். அருகிலுள்ள நெடுஞ்சாலை ஏறி இறங்க, தடமோ ஒரே சீராகச் செல்கின்றது. முதியோர் மூச்சு வாங்காமல் நடப்பதற்கும், சிறுவர் அச்சமின்றி மிதிவண்டி ஓட்டுவதற்கும் அன்றைய எஞ்சினின் இயலாமையே காரணமாயிற்று!

வண்டி நின்ற மறுநாளாகிய 2011 ஜூலை முதல் நாளிலிருந்து 17ஆம் நாள் வரை முழுப்பாதையிலும் நடக்க மக்கள் அனுமதிக்கப்பட்டனர். பின்னர்த் தண்டவாளங்களிற் பெரும்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்டு மலாயா ரயில்வேயிடம் ஒப்படைக்கப்பட்டது. புக்கித் தீமாவின் இரு இரும்புப் பாலங்களும், அங்குள்ள சிறு நிலையமும், தஞ்சோங் பகார் நிலையமும் காக்கப்பட்டன. நிலத்தைக் கூறுபோட்டு விற்றிருந்தால் பெரும்பொருள் கிட்டியிருக்கும். ஆயினும் தடத்தைத் துண்டாடாமல் பசுமைவழியாகப் பேண வேண்டும் என்று இயற்கைச் சங்கம் 2010இலேயே எழுதி முன்வைத்தது. அதன் வாதம் வலுவுடையது. குன்றின் இயற்கைக் காப்பகத்துக்கும் மேற்கேயுள்ள புக்கித் பாத்தோக் காட்டுக்கும் இடையே கிடக்கும் இத்தடம், பறவைக்கும் சிறுவிலங்குக்கும் இடைவழியாகின்றது; இருவாட்சிப் பறவையையும் இங்குக் காணலாம்.

இவ்விரு பயன்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மிதிவண்டிக்கு வழவழப்பான தரை வேண்டும். மழைக்காலச் சேறு நடப்போர்க்கும் துன்பமே. தார் இட்டாலோ வெப்பம் ஏறும், புல் மடியும், தடம் இன்னொரு சாலையாகிவிடும். 2021இல் செப்பனிட்டுத் திறக்கப்பட்ட நடுப்பகுதியில் மண்ணும் சரளையும் கலந்து இறுக்கிய தரையே அமைக்கப்பட்டுள்ளது. விரைந்து ஓட்டுவோர் குறைகூறலாம். எனினும் அதுவே தக்கது. விரைவுக்கென்று நாட்டில் வேறு பாதைகள் உள.

மலாயா இருப்புப் பாதை வேலையில் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராய் உழைத்தனர். 1932இல் குவீன்ஸ்வே அருகே பாதையோரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் எழுப்பிய சிறு கோயிலே பிற்காலத்தில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாக வளர்ந்து, 1998இல் காமன்வெல்த் டிரைவில் புதுக்கோயிலாயிற்று. அதனருகே தங்ளின் ஹால்ட் என்னும் வட்டாரம் உள்ளது. 'ஹால்ட்' என்பது வண்டி சிறிது நின்று செல்லும் சிற்றிடத்தைக் குறிக்கும் ரயில்வேச் சொல். அவ்வட்டாரத்து மாணவர்க்கு ஊர்ப்பெயர்ப் பாடம் நடத்தும் ஆசிரியர், வகுப்பை ஒருநாள் தடத்துக்கே அழைத்துச் செல்லலாம், தொலைவு மிகுதியில்லை.